பிடிமண்ணும் பட்டமும்

கோச்சடை அய்யனார் கோயிலில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற பெரிய உருவங்களை மதுரைக்காரர்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள்கூட கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இந்த மாதிரி உருவங்கள் கலை வரலாறு என்கிற படிப்புக்குள் எப்படி நுழைந்தன, நுழைந்து யாருக்குப் பட்டமும் பாராட்டும் வாங்கிக் கொடுத்தன என்பதுதான் இங்கே பேச்சு.

வெகுகாலம் இவை 'கலை' கிடையாது. கருங்கல்லும் செம்பும் கலை. களிமண்ணும் சுதையும் 'கிராமத்து வேலை'. 1919இல் வியன்னாவில் டாக்டர் பட்டம் வாங்கிய ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1946இல் இந்துக் கோயில் பற்றி இரண்டு தொகுதி எழுதினார். அதே கிராம்ரிஷ் 1968இல் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி வைத்து, பழங்குடிகளும் கிராமத்தாரும் செய்த சடங்குப் பொருட்களைக் காட்டினார். வைத்த பேர் 'அறியப்படாத இந்தியா'. யார் அறியாத இந்தியா? செய்தவனுக்குத் தெரியும், சுட்டவனுக்குத் தெரியும், சுமந்தவனுக்குத் தெரியும். பட்டம் வாங்கினவர்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

மதுரைக்கே வருவோம். கனடாக்காரரான ஸ்டீபன் இங்கிலிஸ், தமிழ்க் கிராமங்களின் பிரம்மாண்டமான கோயில் உருவங்களைப் பற்றி 1980இல் கட்டுரை எழுதினார். 1984இல் வேளார்களைப் பற்றிய ஆய்வேட்டுக்கு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. நல்ல வேலை, குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேளார் வெறும் மண் பிசைகிற ஆள் இல்லை, உருவத்துக்குச் சக்தி ஏற்றுகிற பூசாரியும் அவர்தான் என்பதை ஆய்வேட்டின் தலைப்பிலேயே வைத்தார். ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுக்க, அதிலிருந்து வேலை தொடங்கி, கால் நிறுத்தி, உடம்பு ஏற்றி, சுட்டு, வர்ணம் பூசி, கடைசியில் கண் திறக்கிறவரைக்கும் அது ஒரு கைவேலை மட்டுமல்ல, ஒரு அதிகாரமும்தான்.

ஆனால் புரவி எடுப்பு வேளாரோடு முடிந்துபோகிறதா? முன்னால் பறை அடித்துக்கொண்டு போகிறவன் யாரு? குதிரை எந்தத் தெருவுக்குள் வரும், எந்தத் தெருமுனையில் திரும்பிவிடும்? கண்டதேவியில் தேர் வடத்தை யார் தொடலாம் என்கிற தகராறில் 1998இல் தேரோட்டமே நின்றது. தேரின் மரச்சிற்பத்தை வர்ணித்து ஆயிரம் பக்கம் எழுதலாம். வடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதாவிட்டால் அது கலை வரலாறு ஆகாது.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பேர் இருக்கிறது என்று எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலக் கணக்கில், பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தீண்டாச்சேரியும் எழுதியிருக்கிறது. முதல் வரியைப் படித்தவர்களின் கண் அடுத்த வரிக்கு ஏன் போகவில்லை? ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு போதித்த ஒய்.எஸ். அலோன் என்கிற தலித் அறிஞர் இதற்கு 'பாதுகாக்கப்பட்ட அறியாமை' என்று பேர் வைத்தார். தெரியாமல் போனதில்லை, தெரியாதபடி பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டது. இந்த வார்த்தை நமக்கு ரொம்ப உபயோகப்படும்.

சரி, அடுத்த வரியைப் படிக்கப்போகிறவன் யாரு? சேரியிலிருந்தும் குயவர் தெருவிலிருந்தும் வருகிற பிள்ளைகள்தான். அங்கேதான் கதவை அடைத்தார்கள். 1954-55இலிருந்து மத்திய அரசு கொடுத்துவந்த வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை ஒன்று உண்டு. 2022இல் மொத்தம் 125 இடம்: பட்டியல் சாதியாருக்கு 115, சீர்மரபினர், நாடோடிகளுக்கு 6, நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் பாரம்பரியக் கைவினைஞர்களுக்கும் சேர்த்து 4. அந்த வருசம் பிப்ரவரியில் வந்த விதியில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய எதற்கும் இந்தப் பணம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். கைவினைஞர் என்று சொல்லி இடம் கொடுப்பார்களாம். அந்தக் கைவினையை ஆராயப் போகிறேன் என்றால் கொடுக்கமாட்டார்களாம்! பறை அடிக்கிறவர் மகன் தீண்டாச்சேரியைப் பற்றி லண்டனில் ஆய்வு செய்ய முடியாது. இயந்திரவியல் படிக்கலாம்.

இந்தியாவைப் பற்றிப் படிக்க இங்கேயே வசதி இருக்கிறதே என்கிற ரீதியில் விளக்கம் வந்தது. அப்படியென்றால் வேளார்களைப் பற்றிய ஆய்வேடு ஏன் கனடாவில் எழுதப்பட்டது? அப்பன் காசில் போகிறவனுக்கு இந்தத் தடை இல்லை, கவனியுங்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், 1915இல் எம்.ஏ.வுக்குப் பண்டைய இந்திய வணிகத்தைப் பற்றி எழுதினார். 1916 மே மாதம் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை படித்தார். 2022 விதிப்படி பார்த்தால் ரெண்டுமே தள்ளுபடி.

வெளிநாடு கிடக்கட்டும், காமராசர் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுக்கென்றே துறை ஏற்படுத்தினார்கள். கோச்சடையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அங்கேயும் மற்ற இடங்களிலும் இந்தப் பாடத்தில் எம்.ஏ.வும் எம்.ஃபில்லும் முடித்த தலித் தோழர்கள் இருப்பீர்கள். உங்கள் ஊர்ப் புரவி எடுப்பில் பிடிமண் கொடுத்தது யார், பறை அடித்தது யார், கூலி எவ்வளவு, குதிரை எந்த முனையில் திரும்பியது என்று வருசத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் ஒவ்வொன்றாகப் போடலாம்.