சலவைக்கல்லில் இல்லாத நெல்

தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள சுவார்ட்ஸ் ஆலயத்திற்குச் செல்வோர் அங்குள்ள சலவைக்கல் சிற்பத்தைக் காணாது திரும்புவதில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்தது அது. 1798 பிப்ரவரி 13 அன்று மறைந்த சுவார்ட்ஸ் ஐயர் அதில் மரணப்படுக்கையில் இருக்கிறார். மன்னர் அவர் கையைப் பற்றியுள்ளார். உடன் ஊழியரும் பள்ளிச் சிறுவரும் அருகில் நிற்கின்றனர். தந்தையெனக் கருதிய காப்பாளருக்கு மன்னர் செலுத்திய நன்றி என்ற அளவில் இச்சிற்பம் நம் உள்ளத்தைத் தொடுகின்றது. ஆயினும் ஐயரின் வாழ்வுக்கு விளக்கமாக இதனைக் கொள்வோமானால் ஒரு குறை புலப்படும். இதில் நெல் இல்லை.

1780-இல் தொடங்கிய ஹைதர் அலியின் போரில் தஞ்சைக் கோட்டை பட்டினியில் வாடியது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஏற்றிவர மாடுகள் கிடைக்கவில்லை. கூலி பெறாது ஏமாந்திருந்த மக்கள் அரசையும் கும்பினியையும் நம்ப மறுத்தனர். தம் கையாலேயே பணம் தருவதாக ஐயர் எழுதியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் சேர்ந்தது.

அவ்வாக்கை மக்கள் நம்பியது ஏன்? அவர் கையில் பணம் தங்குவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்றே நாம் கருதுகின்றோம். 1779-இல் ஹைதர் வழிச்செலவுக்கென அளித்த 300 ரூபாயை அவர் சென்னை அரசிடம் ஒப்படைக்க முயன்றார். அவர்கள் ஏற்காமற்போகவே அதனைத் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக்கினார்.

ஐயரைப் பரம ஏழையாகச் சித்திரிக்கும் பிரசங்கங்கள் உண்மைக்குப் பொருந்தா. அவர் ஊதியம் பெற்றார். இறக்கும்போது அவருக்குச் சொத்தும் இருந்தது. அதனை மிஷனுக்கே எழுதிவைத்தார். ஏதுமில்லாதவனின் துறவினும், நாள்தோறும் பணம் கைக்கு வரும் ஒருவனின் துறவு கடினமானது. லூக்கா 12-ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் செய்த பிழை விளைச்சலன்று. களஞ்சியத்தைப் பெரிதாக்க எண்ணியவன் அதிலிருந்து பிறருக்கு ஒரு வழியும் விடவில்லை. காவிரிப் பாசனத்து உழவருக்கு இது புதிதன்று. வாய்க்கால் இருந்து வடிகால் இல்லாத வயலில் பயிர் அழுகும்.

இவ்வுவமையைப் பிரசங்கிக்கும் நாமே திருச்சபைச் சொத்துக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி நிற்கின்றோம். நம் வாக்கை மட்டும் நம்பி இன்று எந்த உழவர் தம் நெல்லை அளந்து கொடுப்பார்?