பழகுவது இருவர், பதில் சொல்வது ஒருத்தி

டின்டர் செயலி அமெரிக்காவில் 2012இல் வெளிவந்தது. படத்தை வலப்பக்கம் தள்ளினால் பிடித்திருக்கிறது, இடப்பக்கம் தள்ளினால் பிடிக்கவில்லை. கேகாலை மாவட்டத்தில் ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் அதைப் பாவிக்கிற பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது சிரமம். அதற்குத் தேவையும் இல்லை. டியூசன் வகுப்பின் வட்ஸ்அப் குழு, டிக்டொக் காணொளிக்கு விழுந்த ஒரு ஹார்ட், பேஸ்புக் தானாகக் கொண்டுவந்து காட்டும் ஒரு முகம், இலக்கம் மாறி வந்த ஓர் அழைப்பு, இவற்றிலேயே காரியம் தொடங்கிவிடுகிறது. எட்டியாந்தோட்டைப் பெண்ணும் தெரணியகலைப் பையனும் மாதக்கணக்கில் போனில் பேசிவிட்டு, அவிசாவளை பஸ் நிலையத்தில்தான் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டார்கள் என்றால் இன்று யாரும் மூக்கில் விரலை வைப்பதில்லை.

பழகிப் பார்ப்பது, ஒத்துவந்தால் தொடர்வது, வராவிட்டால் சண்டை சச்சரவில்லாமல் விலகுவது. உலகம் டேட்டிங் என்று சொல்வதன் சாரம் இவ்வளவுதான். இதில் பழகும் பாதி தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. விலகும் பாதி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வந்திருக்கிறது. என் குறை அதுதான். மற்றபடி இந்தப் பழக்கத்தை நான் திட்டப் போவதில்லை.

பழைய காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில் கலியாணம் எப்படிப் பேசப்பட்டது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். மாமன் மகன் இருந்தால் அவன். இல்லையென்றால் பெரிய கங்காணியோ சொந்தக்காரரோ கைகாட்டுகிற ஒருவன். பெண்ணிடம் ஒப்புக்குக்கூடக் கேட்பதில்லை. வெளி ஆளைப் பார்த்துப் பழகவும் வழியில்லை. 1936இல் இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான காலத்தில், தொழிற்சங்கக்காரர் ஒருவர் துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்காகலாம். சங்கக்காரருக்கே அந்தக் கதி என்றால் அடுத்த தோட்டத்துக் காதலனுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்!

அந்த வேலியைப் போன் உடைத்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்ததே 1984இல்தான். வந்த பிறகும் மனைவியின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் ஓயவில்லை. இன்று அவிசாவளையிலுள்ள சீதாவாக்கை ஏற்றுமதி வலயத்துக்கு வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது. அட்டை அவள் கையில். தன் காசில் ரீலோட் போட்டுத் தன் போனில் பேசுகிற பெண், அம்மாவின் காலத்துப் பெண்ணைவிட ஒரு விஷயத்தில் நிச்சயமாக முன்னே நிற்கிறாள்: ஒருவனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அவன் கோபம் எப்படிப்பட்டது என்று அவளால் பார்க்க முடிகிறது. ராத்திரி பத்து மணிக்குப் பதில் போடாவிட்டால் காலையில் என்ன வார்த்தை வருகிறது? 'வேலை முடிய லேட்டாச்சு' என்றால் நம்புகிறானா? பொருத்தம் பார்க்கிற எந்த ஜாதகமும் இதைச் சொல்லித் தராது.

மொழி வேலியும் கொஞ்சம் சரிந்திருக்கிறது. கேகாலை மாவட்டத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தனித்து நிற்பவை அல்ல. சிங்களக் கிராமங்கள் நெருங்கிச் சூழ்ந்திருக்கின்றன. தமிழ்ப் பெண்ணும் சிங்களப் பையனும், அல்லது மாறியும், இரண்டு மொழியையும் ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டியே பேசக் கற்றுக்கொள்கிறார்கள். அரசாங்கத்தின் இருமொழிக் கொள்கை எட்டாத இடத்தில் இந்தத் தட்டிப் பேசும் பழக்கம் அதன் வேலையைச் செய்கிறது. இதை ஒரு குறையாக என்னால் எண்ண முடியவில்லை.

இனி ஆண், பெண் வேறுபாட்டுக்கு வருவோம். 'ஆம்பள அவசரப்படுவான், பொம்பள யோசிப்பா, அது இயற்கை' என்று லயத்திலும் சொல்கிறார்கள், படித்தவர்களும் சொல்கிறார்கள். படித்தவர்களுக்குக் கைகொடுக்க ஓர் ஆய்வும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் 37 பண்பாடுகளில் கேட்டு 1989இல் வெளியிட்டது அது. துணையைத் தெரிவதில் பெண்கள் சம்பாத்தியத்துக்கும், ஆண்கள் இளமைக்கும் அழகுக்கும் கூடுதல் எடை தருகிறார்கள் என்று அதில் கண்டார். அதோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். அதே தரவுகளை அலிஸ் ஈக்லியும் வெண்டி வூட்டும் 1999இல் மீண்டும் ஆராய்ந்தார்கள். பெண்களுக்குச் சமத்துவம் கூடிய நாடுகளில், சம்பாத்தியத்திலும் வயதிலும் இருந்த அந்த இடைவெளி சுருங்கியிருந்தது. சொந்தமாகச் சம்பாதிக்க வழியில்லாதவள் சம்பாதிக்கிறவனைத் தேடுவாள். இதில் இயற்கையைவிட வீட்டுக் கணக்குத்தான் அதிகம் தெரிகிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது எலி ஃபிங்கலும் போல் ஈஸ்ட்விக்கும் 2009இல் வெளியிட்ட சோதனை. முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் சில நிமிடம் பேசிவிட்டு அடுத்த ஆளிடம் போகும் சந்திப்புகளை மாணவர்களிடையே நடத்தினார்கள். இப்படியான சந்திப்புகளில் வழக்கமாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் ஒவ்வொரு மேசையாக எழுந்து போவார்கள். அப்படி நடத்தினால் ஆண்கள் தாராளமாகச் சம்மதம் சொல்வார்கள், பெண்கள் பொறுக்கி எடுப்பார்கள். இவர்கள் சில நிகழ்வுகளில் பெண்களை எழுந்து போகச் சொல்லி ஆண்களை உட்கார வைத்தார்கள். அந்த வேறுபாடு மறைந்துபோனது. எழுந்து போகிறவருக்குப் பலர் பிடித்துப்போகிறார்கள், உட்கார்ந்திருப்பவர் பொறுக்குகிறார். ஆணா பெண்ணா என்பது அதில் பெரிதாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் பையன்தான் எழுந்து போகிறவன். பத்துப் பெண்களுக்கு 'ஹாய்' போடுகிறான். ஒன்பது பேர் பதில் போடுவதில்லை. 'இவளுகளுக்கெல்லாம் திமிர்' என்ற முடிவுக்கு வருகிறான். பெண்ணின் போனில் முகம் தெரியாதவர்களின் நட்பு அழைப்புகள் குவிந்து கிடக்கின்றன. 'எல்லாவனும் ஒரே மாதிரிதான்' என்று அவள் முடிவுகட்டுகிறாள். நாற்காலியை மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமே என்று அமெரிக்காவில் சொல்லலாம். இங்கே ஒரு பெண் முதல் ஆளாக 'ஹாய்' போட்டால் அந்தச் செய்தி படமெடுக்கப்பட்டுப் பொழுது சாய்வதற்குள் பையனின் கூட்டாளிகள் எல்லோருடைய போனிலும் இருக்கும். ஆகவே அவள் யோசிக்கிறாள். அந்த யோசனையைக் குணம் என்று நாம் பெயரிட்டு வைத்திருக்கிறோம். தப்பினால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்ற கணக்கு அது.

நட்டக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். பழகிப் பார்ப்பதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும். கொழும்பில் காலிமுகத்திடல் உண்டு, கடைகள் உண்டு, யாருக்கும் யாரையும் தெரியாது. ருவான்வெல்லையில் இரண்டு பேர் ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தால், அவர்கள் ஏறும் பஸ் தோட்டத்துப் பாதைக்குத் திரும்புவதற்குள் செய்தி லயத்துக்குப் போய்விடும். வசதிப்பட்டவர்கள் அவிசாவளைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு பஸ்ஸின் கடைசி சீற். உயர்தர வகுப்பில் களவியலையும் உடன்போக்கையும் ரசித்து ரசித்துப் படிப்பிக்கிற அதே ஆசிரியர், மாணவியின் புத்தகப் பைக்குள் போனைக் கண்டதும் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்புகிறார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

செய்தி போய்விட்டால் நடுவழி மூடிக்கொள்கிறது. 'சும்மா பழகுறோம்' என்ற பதில் தோட்டத்தில் செல்லாது. தோட்டத் தலைவரும் கோயில் கமிட்டியும் கூடுவார்கள். கூடினால் இரண்டே தீர்ப்பு: கட்டி வைக்கிறது அல்லது பிரித்து வைக்கிறது. இன்னும் ஆறு மாதம் பேசிப் பார்க்கட்டும் என்று தீர்ப்புச் சொன்ன பஞ்சாயத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அவனோடு சரிவராது என்று அந்தப் பெண் முதல் நாள் இரவுதான் முடிவெடுத்திருக்கலாம். அதைச் சபையில் சொல்ல அவளுக்கு வாய் வராது. சொன்னால், 'அப்ப எதுக்குடி போன?' என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். கலியாணம் அங்கே ஒரு தண்டனையாகிவிடுகிறது. அதற்குப் பயந்துதான் பல பிள்ளைகள் ஓடிப்போகிறார்கள். ஓடுவதற்கு எப்போதும் காதல் காரணமில்லை; மாட்டிக்கொண்டதும் காரணம்.

ஓடுகிற வயதிலும் சிக்கல் இருக்கிறது. 1995இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பொதுத் திருமணச் சட்டப்படி இருவருக்கும் 18 வயது நிரம்பாமல் விவாகத்தைப் பதிவு செய்ய முடியாது. பெற்றோர் சம்மதித்தாலும் முடியாது. பெண்ணுக்கு 16 வயது நிரம்பவில்லை என்றால் அவள் விரும்பித்தான் போனாள் என்ற பேச்சுக்கே இடமில்லை, பையன்மேல் வருவது வன்புணர்வு வழக்கு. பதினாறைத் தாண்டி, பதினெட்டைத் தொடாமல் போகிற பெண் கையில் எந்தக் காகிதமும் இல்லாமல் குடும்பம் நடத்துகிறாள். பிள்ளை பிறக்கிறது. பதிவுத் திருமணம் இல்லாதபோது தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் தகப்பனின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏறும். அதற்குள் அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், போன் இலக்கத்தையும் மாற்றிவிட்டால்? பாடசாலையில் சேர்க்கப் போகும் நாளில் அந்த வெற்றிடத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியவள் அவள்.

பேசி முடித்த கலியாணத்தில் அடி உதை இல்லையா, குடி இல்லையா? தாராளமாக இருந்தது, இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பலம் இருந்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பரிசம் போட்டுக் கூட்டிவந்த பெண்ணை அடித்தால் அவள் அண்ணன் வந்து கேட்பான், பேசி முடித்த பெரியவர் பதில் சொல்ல வேண்டும். தானாகத் தேடிக்கொண்ட பெண்ணுக்கு 'நீதானே பாத்துக்கிட்ட, நீயே அனுபவி' என்ற ஒரு வரிதான் தாய்வீட்டிலிருந்து கிடைக்கிறது. தெரிவுசெய்யும் உரிமையோடு முழுப் பொறுப்பும் அவள் தலையிலேயே இறங்கிவிட்டது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 1938 என்ற அவசர இலக்கம் இருக்கிறது. பொலிஸுக்குப் போனால் முறைப்பாட்டைச் சிங்களத்தில்தான் எழுதுவார்கள் என்ற தயக்கமும் இருக்கிறது.

போனில் அனுப்பிய படங்கள் தனி அத்தியாயம். பிரிந்த பிறகு பையனின் கையில் இருக்கும் படம் ஓர் ஆயுதம். பெண்ணின் கையில் இருக்கும் அவன் படத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஏனென்று கேட்டால் நம் பழமொழிகளே சாட்சி சொல்லும். ஆண் சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான். பெண்ணுக்கு வந்தால், ஊசி இடம் கொடுத்தால்தான் நூல் நுழையும். மலையகத் தோட்டங்களில் மாசியில் காமன் கூத்து ஆடுகிறோம். அம்பு விடுகிறவன் மன்மதன், நெற்றிக்கண் திறக்கிறவர் சிவன். இருவரின் வழக்கிலும் பங்கில்லாத ரதிதான் தெருவில் நின்று புலம்புகிறாள். அதைக் கேட்டு அழுத கூட்டம்தான் மறுநாள் பஞ்சாயத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

பையன்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் இது ஒருதலைப் பேச்சாகிவிடும். சாதாரணதரத்துக்கு முன்பே படிப்பை விட்டுப் புறக்கோட்டைக் கடைக்குப் போன பையனும், உயர்தரம் முடித்து முன்பள்ளி ஆசிரியையாகவோ கடைக் கணக்காளராகவோ ஆன பெண்ணும் ஒரே லயத்துப் பிள்ளைகள். அவள் தன் படிப்புக்கு ஈடானவனைத் தேடுகிறாள், கிடைப்பதில்லை. அவன் படிப்புக்குப் பதிலாகத் தவணைக்குப் போன் எடுக்கிறான், லீசிங்கில் ஆட்டோ எடுக்கிறான், அவளுக்கு ரீலோட் போடுகிறான். செலவழித்தவன் என்ற எண்ணம் வந்ததும் உரிமை கொண்டாடுகிறான். 'லாஸ்ட் சீன் பதினொன்றரை, யாரோட பேசின?' கடவுச்சொல்லைக் கேட்கிறான். இதில் பெண்களுக்கும் பங்குண்டு. கேட்காத பையனைப் பற்றி 'அவனுக்கு அக்கறையே இல்ல' என்று தோழியிடம் குறைசொல்கிறவர்களும் அவர்கள்தான். காவல் காப்பதுதான் அன்பு என்று சினிமாவிலிருந்து இருவரும் ஒன்றாகவே கற்றிருக்கிறார்கள். அவள் வேண்டாம் என்று சொன்ன நாளில் அவனுக்கு ஆறுதல் சொல்ல ஆளில்லை. கூட்டாளிகள் போத்தலைத் திறப்பார்கள், அல்லது 'அவள விடாத மச்சான்' என்று உசுப்பேற்றுவார்கள். தோற்றவனாக வீட்டில் உட்கார்ந்து அழ அவனுக்கு அனுமதி கிடையாது.

இத்தனைக்கும் இந்தப் பக்கம் 'விழிப்புணர்வு' என்று ஒரு கூட்டம் வைத்தால் பெண் பிள்ளைகளைத்தான் வரிசையாக உட்கார வைக்கிறோம். படம் அனுப்பாதே, ராத்திரியில் பேசாதே, தெரியாதவனுக்குப் பதில் போடாதே. வந்த படத்தை இன்னொருவனுக்குக் காட்டாதே, வேண்டாம் என்றால் விட்டுவிடு, கடவுச்சொல் கேட்காதே என்று யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்கள் அந்த நேரம் கீழ் மைதானத்தில் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் போடாமல் விளையாடச் சொல்லி அவர்களிடம் ஓர் ஆளையும் அனுப்பிவைக்கிறோம்.