சுவரில் மாட்டிய தப்பு: மலையக நூதனசாலையும் சமூகக் கலைகளும் பற்றிய ஒரு நோக்கு

இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்டப் பகுதியிலே பட்டதொம்பலென என்னும் கற்குகை உள்ளது. 1970களின் இறுதியிலிருந்து சிரான் தெரணியகல அங்கு நடத்திய அகழ்வுகள், முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனித வாழ்வின் சான்றுகளை வெளிக்கொணர்ந்தன. படிகக் கல்லிற் செதுக்கிய நுண்கருவிகளும் மனித எலும்புகளும் சிப்பி மணிகளும் அவற்றுள் அடங்கும். மலைக்காட்டின் நடுவே கிடைத்த கடற்சிப்பி மணி, அக்காலத்து மக்கள் கடற்கரையுடன் கொண்டிருந்த தொடர்பைக் காட்டுவது என ஆய்வாளர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால், அதே குருவிட்டவைச் சூழ்ந்த தோட்டங்களில், உண்மையாகவே கடல் கடந்து வந்த ஒரு பித்தளைக் குடம் பழைய உலோகம் வாங்குபவனிடம் நிறைக்கு விற்கப்படும்போது அதனை எவரும் தொடர்புச் சான்றாகக் கொள்வதில்லை. மிகப் பழையது வரலாறு; பாட்டியின் குடம் வெறும் பழம்பொருள். இந்த மதிப்பீட்டின் சமூக அடித்தளம் யாது என்ற வினாவை எழுப்பாமல் மலையகத்தில் நூதனசாலை பற்றிப் பேசுவது பயனற்றது.

அவ்வினாவை வார்த்தையால் அன்றிச் செயலால் எழுப்பிய முயற்சி ஒன்று மலையகத்தில் உண்டு. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் கம்பளைப் பகுதியின் பழைய பீக்கொக் தோட்டத்தில் நிறுவிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையே அது. அளவிற் சிறியது. பழைய லயம் ஒன்றே அதன் கட்டடம். தொழிற் கருவிகள், வீட்டுப் பாத்திரங்கள், இசைக் கருவிகள், பத்திரங்கள் முதலியன அவ்வறைகளிலே வைக்கப்பட்டுள்ளன.

இதன் பொருளைச் சரிவர உணர்வதற்கு ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலையை அருகில் வைத்து நோக்குதல் வேண்டும். 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை ஒன்றினுள் 2001இல் திறக்கப்பட்ட அந்நிறுவனம், கொழுந்தை உருட்டிய பொறிகளையும், உலர்த்திய பொறிகளையும், 1867இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களையும் பேணுகின்றது. அங்கு தேயிலையின் வரலாறு பொறியின் வரலாறாகவும் துரையின் வரலாறாகவும் அமைகின்றது. பீக்கொக் தோட்டத்திலோ அதே வரலாறு கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் கம்பளியும் அம்மியுமாக உருமாறுகின்றது. ஒன்று தொழிற்சாலையைத் தன் இல்லமாகத் தெரிந்தது, மற்றது லயத்தை. இத்தெரிவிலேயே இரு நிறுவனங்களின் உலக நோக்கும் வெளிப்பட்டுவிடுகின்றன.

உண்மையில், அங்குள்ள காட்சிப் பொருள்களுள் தலையாயது அந்த லயமே எனலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவைப் புள்ளிவிபரமாகப் படித்த மாணவன், அவ்வறையினுள் நின்று இரு கைகளையும் விரித்துப் பார்க்கும்போதுதான் அவ்வளவைப் பற்றிய அறிவைப் பெறுகின்றான். ஒரு குடும்பத்தின் பிறப்பு, பூப்பு, திருமணம், நோய், மரணம் ஆகிய அனைத்தும் அந்த நான்கு சுவர்களுள் நிகழ்ந்தன என்பதை எந்தப் பேழையும் விளக்க வேண்டியதில்லை. இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டையும் குறிப்பிடுதல் தகும். நூதனசாலை என்பது கழிந்துபோன வாழ்வின் எச்சங்களைக் காப்பது என்பதே பொது வழக்கு. இங்கோ, பார்வையாளர் வெளியே வந்து அடுத்த தோட்டத்துக்குச் சென்றால், காட்சிப் பொருளாகக் கண்ட அதே வகை அறையிலே மக்கள் சமைத்துக்கொண்டிருப்பதைக் காண்பர். கழியாத ஒன்றை நினைவுச் சின்னமாக்கும் இந்நிலை உலகில் வேறெங்கும் அதிகம் காணப்படாதது. நூதனசாலையின் குறையன்று இது. அதன் கூரிய விமர்சனம் இதுவே.

கலைகளைப் பொறுத்தவரை பிரச்சினை இன்னும் சிக்கலானது. தப்பை எடுத்துக்கொள்வோரின் கவனத்துக்கு உரியது ஒன்றுண்டு. மரவளையத்தில் இழுத்துக் கட்டிய தோல், ஈரக் காற்றிலே தளர்ந்துவிடும். ஆகவே அடிப்பதற்கு முன் நெருப்பிற் காய்ச்சுவர். காய்ச்சும் பதத்தைக் கை அறியும். விரலாற் சுண்டிப் பார்த்துச் செவி அறியும். தடித்த குறுங்குச்சி ஒரு கையிலும் மெல்லிய நெடுங்குச்சி மறு கையிலுமாக அடிக்கும் முறையை எழுத்திற் கற்பிக்க இயலாது. சுவரில் மாட்டிய தப்பு ஒருபோதும் காய்ச்சப்படுவதில்லை. எனவே அது தப்பின் உடல் மட்டுமே.

அதனிலும் முக்கியமானது, அந்த உடல் தன் வரலாற்றின் பாதியைத் தானாகச் சொல்வதில்லை என்பது. தோட்டத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பொலியே. காமன் திருவிழாவில் ஆட்டத்தை நடத்துவதும் அதுவே. மரண வீட்டின் முன் ஒலிப்பதும் அதுவே. ஒடுக்குமுறையின் மணியோசையாகவும், கொண்டாட்டத்தின் தாளமாகவும், இழவின் அறிவிப்பாகவும் ஒரே கருவி நின்றது. அதனை அடித்தவர் யார், அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர் யார், அடித்தமைக்காகத் தாழ்த்தப்பட்டவர் யார் என்ற வினாக்கள் சாதியமைப்பை நோக்கி இட்டுச் செல்வன. தப்பைப் பொதுவான ‘மலையக அடையாளம்’ என மேடையேற்றிப் புகழும் விழாக்கள் பல இவ்விடத்தில் மௌனம் சாதிக்கின்றன. அடையாளம் எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. இழிவு மட்டும் ஒரு சாராரிடமே எஞ்சியுள்ளது. கலை விழா நடத்துவோர் தப்புக்குப் பொன்னாடை போர்த்துவதிற் காட்டும் ஆர்வத்தின் ஒரு பகுதியை, அதனை அடிப்பவரின் வீட்டில் நீர் அருந்துவதிற் காட்டியிருப்பாராயின் இவ்விமர்சனத்துக்கு இடமிருந்திராது.

காமன் கூத்து வேறு வகையான சோதனையை முன்வைக்கின்றது. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதமிருந்து, நாள்தோறும் வளர்ந்து, இறுதியில் மன்மதனின் எரிவிலும் இரதியின் புலம்பலிலும் உச்சமடையும் சடங்கு அது. இரதியாக ஆடுபவர் நேர்த்திக்காக ஆடுகின்றார். காண்போர் இரசிகர் அல்லர், அடியார். இதனை அரைமணி நேரக் ‘கலை நிகழ்ச்சி’யாக ஓர் அரும்பொருளக முற்றத்துக்குக் கொணரும்போது எது வருகின்றது, எது வர மறுக்கின்றது?

பல்கலைக்கழகத் தமிழ்ச் சூழலுக்கு இவ்வினா புதியதன்று. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில், விடிய விடிய வட்டக் களரியில் ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியனவாகப் படச்சட்ட மேடையில் ஏற்றினார். கூத்து நகரத்தாரின் மதிப்பைப் பெற்றது. கிராமத்து அண்ணாவியாரும் தம் கலையின் பெருமையைப் புதிதாக உணர்ந்தார். அதே வேளை களரியின் மூன்று பக்கப் பார்வையாளர் இல்லாது போயினர் என்ற விமர்சனமும் எழுந்தது. இரண்டும் உண்மை. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. மட்டக்களப்புக் கூத்துக்கு மேடைக்கு வெளியே தன் கிராமம் இருந்தது. சுருக்கத்தைக் கண்டு சலித்தவர் முழுமையைத் தேடி ஊருக்குச் செல்லலாம். தோட்டம் துண்டாடப்பட்டு, இளைஞர் கொழும்புக்குக் கடைவேலைக்குச் சென்றுவிட்ட இடங்களில் காமன் கூத்துக்கு அத்தகைய பின்புலம் இல்லை. அங்கு அரைமணி நேர நிகழ்ச்சியே மூலமாகிவிடும் அபாயம் உண்டு. எனவே நூதனசாலை செய்யத்தக்கது, மாசியிற் கூத்தைத் தன்னிடம் அழைப்பதன்று; மாசியில் தான் கூத்திடம் செல்வது. ஒலிப்பதிவு, பாடல் ஏடு, ஆடை அணி செய்யும் முறை, மூத்த வாத்தியாரிடம் இளையோர் பயில்வதற்கான உதவி ஆகியவை அதன் பணிகள். கம்பம் ஊன்றப்படும் இடம் தோட்டமாகவே இருத்தல் வேண்டும்.

இலக்கியத் துறையிற் சி. வி. வேலுப்பிள்ளையின் முன்மாதிரி கண்முன் உள்ளது. 1914இல் மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் நாடாளுமன்றம் சென்று, ஆங்கிலத்தில் நூல்கள் எழுதிய அவர், தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். நூதனசாலை என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. ஆனால் அந்நூலே மலையகத்தின் முதலாவது அரும்பொருளகம் எனக் கூறுவது மிகையாகாது. இன்றைய இலக்கியச் சந்திப்புகளில் நூல் வெளியீடும் வாழ்த்துரையும் நிகழும் அளவுக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டிக்கு ஒலிவாங்கி தரப்படுவதில்லை. அவர் பேசினால் நிகழ்ச்சி நிரல் குழம்பிவிடும் என்பது அமைப்பாளரின் அச்சம். குழம்பட்டும்.

சபரகமுவவை நோக்கித் திரும்பும்போது, பீக்கொக் தோட்டத்து முயற்சியின் பெயரிலேயே ஓர் எல்லை தென்படுகின்றது. அது தேயிலைத் தொழிலாளரின் நூதனசாலை. குருவிட்ட, கேகாலைப் பகுதிகளில் இறப்பரும் பெருந்தொகையினரின் வாழ்வு. 1876இல் கியூவிலிருந்து ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு வந்த நாற்றுகளின் வழித்தோன்றல்களை அவர்கள் வெட்டினர். கொழுந்துக் கூடை மலையகத்தின் சின்னமாக எங்கும் வரையப்படுகின்றது. பால் வெட்டும் கத்தியை எவரும் வரைவதில்லை. பட்டையைச் சீவ வேண்டும், உள்ளிருக்கும் மரத்தைத் தொடலாகாது. சற்று ஆழ்ந்தால் மரம் காயமுறும், சற்று மேலானால் பால் வராது. இந்நுட்பம் எந்தச் சிற்பியின் கைநுட்பத்துக்கும் குறைந்ததன்று. சிரட்டையில் வடிந்த பால், விளிம்பில் உறைந்த ஒட்டுப்பால், உருளையில் அழுத்தித் தாளாக்கிப் புகையூட்டும் அறையின் வாசனை ஆகியவை தனி உலகம். அவ்வுலகத்தின் எதிரி மழை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேற் பெய்யும் இப்பகுதியில், காலை மழை என்பது வெட்டு இல்லை என்பதும், வெட்டு இல்லை என்பது அன்றைய கூலி இல்லை என்பதுமாகும். தேயிலைப் பாடல்களில் மழை குளிரைக் கொணர்வது. இறப்பர்க் காட்டில் அது பட்டினியைக் கொணர்வது. மலையக இலக்கியம் பற்றிய பொதுக் கூற்றுகள் பெரும்பாலும் நுவரெலியாவின் வானிலையைக் கொண்டு எழுதப்பட்டவை.

பொருள்கள் இங்கு எஞ்சாமைக்கும் காரணங்கள் உள. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் விதித்தது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களையடுத்துப் பல தோட்டங்களிற் பஞ்சமும் வெளியேற்றமும் நேர்ந்தன. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் சபரகமுவத் தோட்டங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின; வவுனியாவை நோக்கி ஓடியோர் எதை எடுத்துச் சென்றிருப்பர்? தாயகம் திரும்பியோருக்கென இறப்பர்த் தோட்டங்கள் கேரளத்தின் புனலூரிலும் கன்னடத்தின் சுள்ளியாவிலும் அமைந்தன. ஆகவே சபரகமுவத் தமிழரின் பொருள்களையும் பாட்டுகளையும் தேடுவோர் புனலூருக்கும் சுள்ளியாவுக்கும் வவுனியாவுக்கும் செல்ல வேண்டியிருக்கும்.

பொருளற்றோருக்கு நூதனசாலை இயலுமா என்ற ஐயத்துக்குத் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் விடையளித்துள்ளது. 1966இல் வெள்ளையர் பிரதேசமாக்கப்பட்டு ஏறத்தாழ 60,000 மக்கள் அகற்றப்பட்ட ஆறாம் வட்டாரத்தின் நூதனசாலை, 1994இல் ஒரு பழைய தேவாலயத்திலே தொடங்கிற்று. அதன் தரையில் அழிக்கப்பட்ட தெருக்களின் பெரிய வரைபடம் விரிக்கப்பட்டது. முன்னாட் குடியிருப்பாளர் குனிந்து தம் வீடு இருந்த இடத்தில் தம் பெயரை எழுதினர். அமெரிக்காவின் வாஷிங்டனில் 1967இல் பழைய திரையரங்கு ஒன்றில் தொடங்கிய அனகொஸ்தியா அயலக நூதனசாலையோ, இரண்டு ஆண்டுகளின் பின், அயலாரை வருத்திய எலிகளைப் பற்றியே கண்காட்சி நடத்தியது. மதிப்புக்குரியது எது என்பதை அயலாரே தீர்மானித்தனர். 2023இல், மலையக மக்கள் வந்த இருநூறு ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோர் செய்ததும் இத்தகையதே: வழியையே காட்சிப் பொருளாக்கினர்.

சபரகமுவவிற்கே உரிய மற்றொரு நிலையையும் கருத வேண்டும். இங்கு தோட்டமும் சிங்களக் கிராமமும் வேலியளவு தூரத்திலேயே உள்ளன. இறப்பர் வெட்டியோருள் சிங்களத் தொழிலாளரும் பலர். 1981இல் கொக்கலையில் மார்ட்டின் விக்ரமசிங்கவின் பெயரால் எழுந்த நாட்டார் நூதனசாலை தென்பகுதிச் சிங்கள மக்களின் கலப்பையையும் பாத்திரத்தையும் அன்புடன் பேணுகின்றது. 1988இல் திறக்கப்பட்ட இரத்தினபுரித் தேசிய நூதனசாலை எஹெலபொல வளவில் அமைந்துள்ளது. வளவு, கிராமம், லயம் என மூன்று வீடுகளாகப் பிரிந்து நிற்கும் வரலாற்றில், இறப்பர்க் கத்தியை எந்த வீட்டில் வைப்பது? குருவிட்டவில் ஒருநாள் ஒரு சிறு அறையேனும் திறக்கப்படுமாயின், அக்கத்தியின் கீழ் எழுதப்படும் பெயர், அதனைப் பிடித்த இரு சாராரும் காட்டில் வழங்கிய சொற்களாகவே இருத்தல் வேண்டும்; அச்சொற்களைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் அத்தோட்டங்களில் மழை விடுவதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர்.