சதை சிவந்தால் போதுமா?

ஆறாத புண்ணோடு கடலூர் மாவட்டத்தில் ஒருவர் மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனைக்குப் போகலாம். சிதம்பரத்தில், 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகிவிட்ட ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அதற்கும் மேலே என்றால் எல்லை தாண்டிப் புதுச்சேரி ஜிப்மர். எங்கே போனாலும் அறுவை மருத்துவர் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: புண் முதலில் சுத்தமாகட்டும், சதை வளரட்டும், அப்புறம் தோல் வைத்து ஒட்டலாம். அந்த ‘அப்புறம்’ பல வாரங்கள் நீள்வதுண்டு.

காத்திருக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொடையிலிருந்து சீவி எடுத்த தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. முதல் ஓரிரு நாள் அடியில் ஊறும் நீரைக் குடித்தே உயிர் பிழைக்கும். பிறகுதான் கீழிருந்து நுண்குழாய்கள் அதற்குள் நுழையும். அடியில் செத்த சதையோ சீழோ மூடுசவ்வு இழந்த எலும்போ இருந்தால் ஒட்டியது உரிந்து வந்துவிடும். 2003இல் வெளியான ‘டைம்’ (TIME) என்ற வரைமுறை, எழுத்துக்கு ஒன்றாக, செத்த திசு, தொற்று, ஈரப்பதம், புண்ணின் விளிம்பு என நான்கையும் வரிசையாகப் பார்க்கச் சொன்னது. ஆளுக்கொரு மருந்தை நனைத்துத் துணி திணித்துக்கொண்டிருந்த வார்டுகளில் அது ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. செத்த சதையை அகற்றுவது முக்கியம் என்பதையும் அழுத்திச் சொன்னது.

புண்ணைத் தயார்செய்து பிறகு ஒட்டும் இந்த முறையின் இன்னொரு நல்ல பக்கம் உறிஞ்சுக் கட்டு. அமெரிக்காவின் அர்ஜென்டாவும் மோரிக்வாஸும் 1997இல் எழுதிய கட்டுரைகளுக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. புண்ணில் பஞ்சு வைத்து, மேலே ஒளி ஊடுருவும் படலம் ஒட்டி, குழாய் வழியாக 125 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சுவார்கள். கம்பெனிக் கருவிக்குப் பணமில்லாத இடத்தில் மூக்குக்குழாயும் சுவர் சக்ஷனும் வைத்தே சமாளிக்கிறார்கள். அந்தக் கைத்திறனைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சுவர் சக்ஷனில் அழுத்தம் ஏறி இறங்கும். நோயாளி கட்டிலோடு கட்டுண்டு கிடப்பார். இந்தக் கட்டிலோடு கிடப்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

என் சந்தேகம் இதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. இன்சுலின் சொட்டு, தட்டணுப் பிளாஸ்மா, மெல்லிய லேசர், கொலாஜன் தாள், தேன், ஃபெனிடாயின் தூள் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, ஒரே நோயாளியின் ஒரே பாதம் ஆறியதைப் படத்தோடு வெளியிடும் அறிக்கைகள் நம் மருத்துவ இதழ்களில் பெருகிவிட்டன. எது ஆற்றியது? யாருக்கும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பாதம் இல்லை. சிகிச்சை நடந்த காலம் முழுவதும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, செத்த சதை போனது, எல்லாவற்றுக்கும் மேலாக அவர் நடக்கவில்லை. பாதிப் பெருமை கட்டிலுக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம்.

புண் அழகாகச் சிவப்பதும் புண் ஆறுவதும் ஒன்றல்ல. காலில் சிரைப் புண் உள்ளவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2009இல் வெளியான சோதனையில், புழு வைத்துச் சுத்தப்படுத்திய புண் ஜெல் வைத்ததைவிட வேகமாகச் சுத்தமானது; ஆறும் காலம் குறையவில்லை, வலி மட்டும் கூடியது. சர்க்கரைப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழு 2023இல் தேன், கொலாஜன், ஃபெனிடாயின் மூன்றையுமே வேண்டாம் என்றது. உறிஞ்சுக் கட்டையும் அறுவைக்குப் பிந்தைய புண்ணுக்கு மட்டும் பரிசீலிக்கலாம் என்று நிறுத்திக்கொண்டது. மேலோட்டமான தீக்காயத்தில் தேனுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே குழு, உணர்விழந்த உள்ளங்கால் புண்ணுக்கு முதலில் செய்யச் சொல்வது பாரத்தை இறக்குவதை: கழற்ற முடியாதபடி முழங்கால்வரை கட்டு. இது நமக்குப் புதிதே அல்ல. 1930களில் இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் தொழுநோய்ப் புண்களுக்கு மாவுக்கட்டு போட்டு நடக்கவிட்டார். பின்னர் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அதே வழியில் போய், பாதம் அழுகுவது நோயின் குணம் அல்ல, வலி தெரியாமல் மிதித்ததன் விளைவு என்று காட்டினார். விலை குறைந்த வைத்தியம். வார்டில் அரிதாகவே கண்ணில் படுகிறது. தொற்று ஓடும் காலிலும் ரத்தம் போகாத காலிலும் போடக் கூடாது என்பது உண்மையான தடை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து நடவு வயலில் முழங்கால்வரை மாவுக்கட்டோடு யார் இறங்குவார் என்பது அதைவிடப் பெரிய தடை.

‘டைம்’ வரைமுறையில் சமூகக் காரணம் சேர்ந்தது 2019இல்தான், அதுவும் கடைசி எழுத்தாக. கடலூரில் அது முதலில் வந்திருக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருபவருக்கு பஸ் செலவோடு அன்றைய கூலியும் போகிறது. அந்த வகையில், உணர்விழந்த பாதத்தைப் புண்ணாகும் முன்பே கண்டுபிடிக்கப் பார்க்கும் அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் சரியான திசையில் போகிறது.

ஆறிய சர்க்கரைப் பாதப் புண்களில் சுமார் 40 சதவீதம் ஓராண்டுக்குள் திரும்பி வருகின்றன. நம் அறிக்கைகளோ பெரும்பாலும் தோல் ஒட்டிய படத்தோடு, அல்லது டிஸ்சார்ஜ் அன்றோடு முடிந்துவிடுகின்றன. அவர் எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார், ஒரு வருடம் கழித்து அந்தப் பாதம் எப்படி இருந்தது என்ற இரண்டு வரி இல்லாத அறிக்கையை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்பலாம்.