பின்சீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு: நெவாடா சாலையில் ஹோண்டா கோல்டு விங் டூர்

ஹோண்டா கோல்டு விங் டூர் நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட பைக். 1975 மாடலாக முதலில் வந்தபோது 999 சிசி, நான்கு சிலிண்டர். 2018-இல் முழுவதும் புதிதாக வடிவமைக்கப்பட்ட இன்றைய வண்டியில் 1,833 சிசி, ஆறு சிலிண்டர். சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருப்பதால் எடை தாழ்வாக இருக்கிறது. 170 நியூட்டன் மீட்டர் டார்க். பின்சக்கரத்தைச் சுழற்றுவது செயின் அல்ல, ஷாஃப்ட். ஷோரூமில் இந்த எண்களுக்குத் தலையாட்டுபவர் ஓட்டப்போகிறவர். வண்டி தேறுமா என்று சொல்ல வேண்டியவரோ பின்னால் உட்காரப்போகிறவர். கணவனும் மனைவியுமாக நாள் முழுக்கப் போகும்போது, அடுத்த ஊர்வரை தாங்குமா என்பதைப் பின்சீட்டில் இருப்பவரின் முதுகுதான் முடிவு செய்கிறது.

அதைச் சோதிக்க நெவாடாவைக் குறுக்கே கடக்கும் 50-ஆம் எண் நெடுஞ்சாலை தோதான இடம். 1986-இல் லைஃப் இதழ் இதை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. எச்சரிக்கையாகச் சொன்னதை மாநிலம் விளம்பரமாக மாற்றிக்கொண்டு, ஊருக்கு ஊர் முத்திரை குத்தி வாங்க ஒரு கையேடும் வெளியிட்டது. ஃபாலனிலிருந்து ஆஸ்டின் ஏறத்தாழ 177 கிலோமீட்டர். அங்கிருந்து யுரேகா 113, பிறகு ஈலி 125. ஃபாலன் தவிர்த்த மூன்றும் சுரங்கத்தால் வளர்ந்த ஊர்கள். யுரேகாவில் 1880-இல் கட்டிய ஆப்ரா அரங்கம் இன்னும் நிற்கிறது.

சாலையின் போக்கு ஒரே மாதிரிதான்: நூல் பிடித்தாற்போல ஒரு பள்ளத்தாக்கு, ஒரு கணவாய், மறுபடி பள்ளத்தாக்கு. ஆஸ்டினை அடுத்த கணவாய் சுமார் 2,280 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எந்தப் பெட்ரோல் எஞ்சினும் தன் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். இரண்டு ஆளும் மூன்று பெட்டியும் ஏறிய நிலையிலும் கோல்டு விங் இதைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை. குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைப்பதால் கியரைக் குறைத்து முறுக்க வேண்டிய தேவை அரிது. முன்சக்கரத்துக்கு வழக்கமான ஃபோர்க் கிடையாது. கார்களில் உள்ளதுபோன்ற இரட்டை விஷ்போன் அமைப்பு, சாலை வெடிப்புகளின் அதிர்ச்சியைக் கைப்பிடிக்கு வராமல் தடுக்கிறது. பின் சஸ்பென்ஷனை ஒரு ஆள், ஒரு ஆளும் சுமையும், இரண்டு பேர், இரண்டு பேரும் சுமையும் என நான்கு நிலைகளில் பட்டனாலேயே மாற்றலாம். பலர் இதைத் தொடாமலேயே கிளம்பிவிட்டு வண்டி அமுங்குகிறது என்று குறைப்படுகிறார்கள்.

இனி பின்சீட். ஓட்டுபவர் இரு காலையும் தரையில் ஊன்றி வண்டியை நிமிர்த்திப் பிடித்த பிறகே மற்றவர் ஏற வேண்டும். இடது கால்பலகையில் பாதத்தை வைத்து, ஓட்டுபவரின் தோளைப் பிடித்து, பின்பெட்டியின் சாய்மானத்துக்கும் அவர் முதுகுக்கும் நடுவே வலது காலைக் கொண்டுபோக வேண்டும். முட்டிவலிக்காரருக்கு இது சிரமம்தான். உட்கார்ந்துவிட்டால் நாற்காலிச் சுகம். ஆனால் 2018 முதல் 2020 வரையிலான வண்டிகளில் சாய்மானம் 17 டிகிரிதான். முதுகு நெட்டுக்குத்தலாக நின்றது. 2021-இல் ஹோண்டா அதை 24.5 டிகிரியாகச் சாய்த்து, பஞ்சையும் தடிமனாக்கியது. பழைய வண்டி வாங்குபவர்கள் கிலோமீட்டர் கணக்கைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் மாடல் ஆண்டைப் பார்ப்பது நல்லது.

அதே 2021-இல் பின்பெட்டியும் 50 லிட்டரிலிருந்து 61 லிட்டராயிற்று. இரு ஹெல்மெட்டுகள் அடங்கும். பக்கப்பெட்டிகள் 30 லிட்டர் வீதம். இடத்தைவிட எடைதான் இங்கே சிக்கல். பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒன்பது கிலோதான் வரம்பு. வண்டி தாங்கும் மொத்தச் சுமையும், ஆட்களையும் சேர்த்து, 200 கிலோவைத் தொடாது. நல்ல உடற்கட்டுள்ள இருவர் ஜாக்கெட், பூட்ஸோடு ஏறினாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கூடாரம் கட்டிக்கொண்டு போகும் எண்ணத்தைக் கைவிட்டு மோட்டலில் தங்குவதே சரி.

காற்று இன்னொரு பிரச்சினை. பள்ளத்தாக்குகளில் பிற்பகலில் குறுக்கே வீசும் காற்றை இந்த எடை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. ஆனால் மின்சாரத்தால் ஏறி இறங்கும் முன்கண்ணாடி உயரமானவர்களுக்குப் போதாது. பின்னால் சற்று உயர்ந்து உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட்டில் காற்று மோதி இரைகிறது. உயரமான கண்ணாடியைத் தனியாக வாங்கிப் போடலாம்.

பெட்ரோல் டேங்க் 21 லிட்டர், 2018-க்கு முந்தைய மாடலைவிட நான்கு லிட்டர் குறைவு. மைலேஜ் லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர் என்றால் 350 கிலோமீட்டருக்கு மேல் வரும். இந்தச் சாலைக்கு அது போதும், ஒவ்வொரு ஊரிலும் நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இருந்தால். நெவாடாவைத் தாண்டிப் போனால், யூட்டா போன்ற மலை மாநிலங்களில் சாதா பெட்ரோல் 85 ஆக்டேன். வண்டி கேட்பது 86. பங்கில் ஒரு படி மேலானதை எடுக்க வேண்டும்.

ஏழு கியர் டிசிடி (இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்) மாடலில் கிளட்ச் பிடி இல்லை. கியர் மாறும்போது பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னவர்மீது இடிப்பதும் இல்லை. சிற்றூர் உணவகங்களின் முன்னால் சரளைக்கல் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்திவிட்டால், 380 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைக் காலால் உந்திப் பின்னுக்கு எடுப்பது நடக்காத காரியம். அப்போது ரிவர்ஸ் பட்டன், மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம் வேகத்தில் அதை நகர்த்தித் தருகிறது. அந்த நேரத்தில் பின்னவர் இறங்கி நிற்பது மேல்.

திரையில் ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் உண்டு. ஊர்களுக்கு நடுவே செல்போன் சிக்னல் கிடைக்காத நீண்ட தூரங்கள் இருப்பதால் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

விலை அமெரிக்காவில் 30,000 டாலரை நெருங்குகிறது. இதற்குப் போட்டியான பிஎம்டபிள்யூ கே 1600 ஜிடிஎல் வண்டியில் டேங்க் 26.5 லிட்டர்; வேகப்பிரியர்களுக்கு அந்த வண்டி பிடிக்கும். தனியாகப் போகிறவருக்குக் கோல்டு விங் தேவைக்கு மிஞ்சிய வண்டி. இருவருக்கு என்றால் 2021 அல்லது அதற்குப் பிந்தைய டிசிடி மாடலை முதலில் வாடகைக்கு எடுத்து, ஃபாலனிலிருந்து ஆஸ்டின்வரை போய்ப் பார்த்துவிட்டு, வாங்குவதா வேண்டாமா என்பதைப் பின்சீட்டுக்காரரிடம் கேட்கலாம்.