தழும்பு இல்லை, எரிச்சல் உண்டு

அக்கலேசியா வந்தவருக்குப் பசி எடுக்கும். விழுங்கிய சோறுதான் நெஞ்சிலேயே நின்றுவிடும். உணவுக்குழாயின் அடிவாய்த் தசையைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் அந்த வாய் திறக்க மறுக்கிறது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே வரும் நோய். அதனால் சாதாரண நெஞ்செரிச்சல் என்றே வைத்தியம் பார்த்துக் காலம் கழித்தவர்கள் பலர்.

செத்த நரம்பை உயிர்ப்பிக்க வழியில்லை. இறுகிய தசையை வெட்டிவிடலாம். 1913இல் ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அதைச் செய்துகாட்டினார். 1990களில் அதே வேலை லேப்ராஸ்கோப்பியில் சிறு துளைகள் வழியே நடந்தது. 2008இல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே அந்தத் துளைகளும் வேண்டாமென்றார். வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, உணவுக்குழாயின் உட்சவ்வைக் கீறி, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் குடைந்து, உள்ளிருந்தே தசையை அறுத்து, நுழைந்த இடத்தைக் கிளிப் போட்டு மூடினார். 'போயம்' என்ற சிகிச்சை பிறந்தது.

அசாத்தியமான கைத்திறன்தான். உணவுக்குழாய் நெடுகத் துடித்து இறுகும் மூன்றாம் வகை அக்கலேசியாவில் இதன் அருமை புரியும். வயிற்றுப் பக்கமிருந்து வரும் லேப்ராஸ்கோப்பி மார்புக்குள் ஓரளவுக்கு மேல் எட்டாது. சுரங்கத்தையோ வேண்டிய உயரத்தில் தொடங்கலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி செய்பவர்கள் தசையை வெட்டியதோடு நிற்பதில்லை. இரைப்பையின் மேற்பகுதியை மடித்துத் தைத்து, அமிலம் மேலேறாமல் தடுப்பும் வைக்கிறார்கள். வழக்கமான போயத்தில் அது கிடையாது. கதவைத் திறந்தாயிற்று, தாழ்ப்பாள் இல்லை.

விளைவு 2019இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் தெரிந்தது. 221 நோயாளிகள். இரண்டாண்டு முடிவில் போயம் 83 சதவீதம் பேருக்கும் லேப்ராஸ்கோப்பி 81.7 சதவீதம் பேருக்கும் பலன் தந்தது. கடுமையான பாதகங்கள் போயத்தில் 2.7 சதவீதம், மற்றதில் 7.3. இதுவரை போயத்துக்கே வெற்றி. ஆனால் உணவுக்குழாயில் அமிலப் புண்? போயத்தில் 44 சதவீதம், மற்றதில் 29.

இந்த 'பலன்' எப்படி அளக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எக்கார்ட் மதிப்பெண் என்ற அளவுகோலில் நான்கே கேள்விகள்: விழுங்கச் சிரமமா, எதுக்களிக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா, எடை குறைந்ததா. நெஞ்செரிச்சலுக்கு அங்கே இடமே இல்லை! புண்ணோடு இருப்பவரும் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையால் பெரும்பாலும் சமாளிக்கலாம் என்பது உண்மையே. அறுபது வயதுக்காரருக்கு அது போதுமாக இருக்கலாம். இருபத்தைந்து வயதில் வருபவருக்கு? எரிச்சலே தெரியாமலும் புண் வளரும் என்பதால் அவருக்கு எண்டோஸ்கோப்பிப் பரிசோதனையும் தொடர வேண்டியிருக்கும். மூன்றாம் வகைக்குப் போயமே முதல் தேர்வு. மற்ற இரு வகையினர், தழும்பு வராது என்பதற்காக மட்டும் இதற்குச் சம்மதிக்க வேண்டாம். தடுப்போடு கூடிய லேப்ராஸ்கோப்பியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.