தெருவிளக்குப் பக்கத்து அவரை

சிவகாசியில் யாரிடமாவது "மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்டால் ஒரு கணம் முழிப்பார்கள். இங்கே மருந்து என்றால் முதலில் வெடிக்குள் அடைப்பது. செடிக்கு அடிப்பதெல்லாம் அப்புறம்தான். சாயங்காலம் எங்கள் தட்டட்டியில் கூடும் நாலைந்து பேரில் ஒருவர் பட்டாசு ஆலையில் கணக்குப் பார்க்கிறவர், இன்னொருவர் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவர். எதிர்வீட்டு மதினி தீப்பெட்டி ஒட்டி வளர்ந்தவர். செடி விஷயத்தில் மட்டும் இவர்கள் எல்லோருக்கும் ஒரே மருந்துதான்: அடுப்புச் சாம்பல், அது கேட்காவிட்டால் சோப்புத் தண்ணியில் கலக்கிய வேப்பெண்ணெய்.

ஊரே வெயிலை நம்பிப் பிழைக்கிறது. வெடி காயவும் தீக்குச்சி காயவும் வெயில் வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரிந்து கொடுக்கும், அச்சில் ஒரு கலர் மேல் இன்னொன்று சரியாக உட்காராது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொழில்காரர்கள் யாரும் வாசலில் நின்று வரவேற்பதில்லை. தீபாவளி முடிந்து ஆலைகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும்போது, அதே ஆட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறி, "இன்னும் ரெண்டு மழை பெய்யட்டும்" என்கிறார்கள். பகலில் வேண்டியதற்கு நேர் எதிராகச் சாயங்காலம் வேண்டிக்கொள்கிறவர்களை நான் வேறு ஊரில் பார்த்ததில்லை.

குளிர்காலத் தோட்டம் என்றால் எங்களுக்கு அவரைப் பந்தல். மற்றதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம். நல்ல பந்தல் என்று எதைச் சொல்வது? காய் எத்தனை கிலோ என்பதை வைத்து மதிப்பிடுகிறவர் புதுசாகத் தோட்டம் போட்டவர். பழகியவர் முதலில் கொடியின் கீழ்ப்பாதியைப் பார்ப்பார். மண்ணிலிருந்து பந்தல் உயரம் வரை ஒற்றைக் கொடியாக வந்திருக்கிறதா, பந்தலைத் தொட்ட இடத்தில் நுனி கிள்ளப்பட்டிருக்கிறதா, அங்கிருந்து பக்கக் கிளைகள் குடைக்கம்பி மாதிரி பிரிகின்றனவா என்று பார்ப்பார். நுனி கிள்ள மனசு வராமல் விட்டவர் வீட்டில் கொடி ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவில்தான் போய் நிற்கும். பந்தல் ஆள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும். குனிந்து பறிக்கிற பந்தல் முதுகைக் கொல்லும். ஸ்டூல் போட்டுப் பறிக்கிற பந்தலில் பாதிக் காய் முற்றிப்போகும்.

இன்னொரு நுட்பம் உண்டு. அவரைக் கொடி மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத்தான் சுற்றும். புதிதாக வளர்ப்பவர் ஆசையாகக் கொடியை எடுத்துக் கயிற்றில் வலஞ்சுழியாகச் சுற்றிவிட்டுப் போவார். மறுநாள் வந்து பார்த்தால் அது தளர்ந்து, நுனி வேறெங்கோ துழாவிக்கொண்டிருக்கும். கணக்கர் அண்ணாச்சி இதற்கென்றே எங்கள் பந்தலில் சாக்கு தைக்கும் சணலைக் கட்டி, கொடியை அதன் போக்கில் ஒரே ஒரு சுற்று சுற்றிவிடுவார். மிச்சத்தைக் கொடி பார்த்துக்கொள்ளும்.

தொட்டி எதுவானாலும் சரி. பெயிண்ட் டப்பா, தெர்மோகோல் மீன்பெட்டி, பாதியாக அறுத்த தண்ணீர் டிரம் எல்லாம் எங்கள் மாடியில் இருக்கின்றன. ஆலைக்கு ரசாயனம் வந்த பீப்பாய் மட்டும் ஆகாது, எத்தனை முறை கழுவினாலும். மண்ணுக்கு வெறும் கரிசல் ஒத்துவராது. மழையில் பசையாகி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற மண் அது. செம்மண்ணும் மட்கின எருவும் சேர்த்துப் பிசறினால்தான் தொட்டியில் வேர் மூச்சு விடும்.

இனி தெருவிளக்கு விஷயத்துக்கு வருகிறேன். நாலு வருஷத்துக்கு முன் ஆடியில் ஊன்றிய விதை. பந்தல் நிறைய இலை, கார்த்திகை கடைசியில் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. தெருப்பக்கத்து மூலையில் மட்டும் ஒரு பூ இல்லை, இலை மாத்திரம் கரும்பச்சையாக மினுங்கியது.

"எரு கூடிப்போச்சு" என்றார் கணக்கர் அண்ணாச்சி.

"ஒரே டிரம்மு, ஒரே கொடி அண்ணாச்சி. இந்தப் பக்கம் மட்டும் எப்படிக் கூடும்?"

"அந்த மூலையில பனி விழலையோ என்னமோ. பனி பட்டாத்தான அவரை பூக்கும்" என்றார் மதினி.

மிஷின் ஓட்டுகிறவர் ஒன்றும் பேசாமல் இருட்டும்வரை காத்திருந்தார். விளக்கு எரிந்ததும் கையை நீட்டிக் காட்டினார். புதிதாக மாட்டிய எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம் பந்தலின் அந்த மூலையில் அளவெடுத்து வெட்டியதுபோல விழுந்துகொண்டிருந்தது. மறுநாள் அந்தப் பக்கம் ஒரு பழைய பிளக்ஸ் பேனரைத் தொங்கவிட்டோம். தை பிறந்து பத்து நாளில் அங்கும் பூ வந்தது.

பந்தல் அவரை குறும்பகல் செடி. பனியையோ குளிரையோ அது எதிர்பார்ப்பதில்லை, நீண்ட இரவைத்தான் எதிர்பார்க்கிறது. இந்த ஊரில் ஆனி மாதத்து நீளமான பகலுக்கும் மார்கழியின் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. அந்த வித்தியாசத்தை நாம் கடிகாரம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அவரை இலையில் கணக்கு வைத்திருக்கிறது. செடிகள் பகலிரவின் நீளத்தை அளக்கின்றன என்பதைப் புகையிலையிலும் சோயாவிலும் பரிசோதித்து அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் எழுதியது 1920-இல். ஆனால் குறுந்தொகையின் 82-ஆம் பாட்டில் ஒரு தலைவி, தினை கொய்த தாளில் படர்ந்த அவரை பூக்கிற பனிக்காலம் வந்தும் அவன் வரவில்லையே என்று நாள் கணக்கு வைப்பதற்கு அவரைப் பூவைத்தான் பிடித்துக்கொள்கிறாள். மதினியும் அவள் கட்சிதான். காரணம் பனி என்று சொன்னது பிசகு, காலம் பிசகவில்லை. வருஷம் முழுக்கக் காய்க்கும் குத்து அவரையும் இப்போது வந்துவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நாலு மாதம் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு முதல் கொத்தைப் பார்க்கிற சந்தோஷம் அதில் கிடையாது.

பனிக்கு வேறொரு வேலை இருப்பதாகப் பெங்களூர்க்காரர்கள் நம்புகிறார்கள். ஜனவரியில் அவரைக்கென்றே மேளா நடத்தும் ஊர் அது. பனியில் விளைந்த அவரையின் மணத்துக்குக் கன்னடத்தில் 'சொகடு' என்று தனிப்பெயரே இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு சொல் இல்லாதது எனக்குக் குறைதான். விடிகாலையில் பறித்த காயின் ஓரம் விரலில் பிசுபிசுக்கும், முகர்ந்தால் பச்சையும் எண்ணெயுமாக ஒரு நெடி. கடைக் காயில் அது பாதிதான் இருக்கும். பறிக்கும் முன் காயை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே விதையின் நிழல் உளுந்தளவு தெரிந்தால் பொரியலுக்குச் சரியான பதம்.

பனியோடு அசுவினியும் வரும். பூங்கொத்தின் காம்பில் கரும்புள்ளியாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும். அது கழிக்கும் இனிப்புக்காக எறும்புகள் மாடு மேய்ப்பதுபோல அதைக் காத்து நிற்கும். பொறிவண்டு ஒன்று வந்து இறங்கினால் எங்கள் கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். அன்றைக்குச் சாம்பல்கூடத் தூவ மாட்டோம்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. டிசம்பர் பூவுக்கு வாசம் இல்லை என்று இளக்காரமாகப் பார்ப்பவர்கள், அதன் ஊதாவை மருக்கொழுந்தோடு சேர்த்துக் கட்டிய சரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மூக்குத்தி அவரை பேரில்தான் அவரை. அது ரயில் பூண்டு வகையறாக் கொடி, சாப்பிடுவது தடித்த பூக்காம்பை. மல்லிகைக்கு இது கத்தரிக்கோல் காலம். மதுரைச் சந்தையில் பூ விலை எகிறிக் கிடக்கிற நேரத்தில், இருக்கிற செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்ய நெஞ்சுரம் வேண்டும். மதினி கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். பங்குனியில் அவர் வீட்டு வாசலில் நின்றால் தெரியும், அந்த வெட்டின் அருமை. மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டைக்குப் பூசணிப்பூ கேட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆண்பூவை மட்டும் பறித்துக் கொடுக்கிற சாமர்த்தியமும் அவருடையதே. பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும், அதைத் தொட விடமாட்டார்.

பெரியாழ்வார் நந்தவனம் வைத்து, துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்கு அரை மணி நேரப் பயணம்தான். எங்கள் மாவட்டத்துத் தோட்டக்காரர்களில் மூத்தவர் அவர் என்று கணக்கர் அண்ணாச்சி வேடிக்கையாகச் சொல்வார். பாதி வேடிக்கைதான்.

பொங்கலன்று எங்கள் தெருவில் பல காய்க் குழம்புக்கு அவரை கடையில் வாங்குவதில்லை. அதற்கப்புறம் நல்ல கொத்தாகப் பார்த்து நாலைந்தில் துணி கட்டி, பறிக்காமல் விட்டுவிடுவோம். அவை மாசி முடிவில் நெற்றாகக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். விதையைச் சாம்பலில் புரட்டி, தினசரி காலண்டரில் கிழித்த தாளில் மடித்து, பின்பக்கம் நிறத்தையும் ஊன்றின நாளையும் எழுதி வைப்போம். சிவகாசியில் தாளுக்கா பஞ்சம்? விதை வேண்டுமென்றால் பங்குனியில் வாருங்கள், ஆளுக்கு எட்டு விதை. ஆடி பிறக்கும்வரை ஊன்ற வேண்டாம். ஊன்றுவதற்கு முன் உங்கள் தெருவிளக்கு எந்தப் பக்கம் என்று ஒரு முறை இருட்டில் போய்ப் பார்த்துவிடுங்கள்.